நாலு இதழ், இரண்டு புள்ளி, ஒரு வளையம்: உப்புவெளியில் ஒரு ஒளிச்சுழி

மணி எட்டரை இருக்கும். உப்புவெளியில் நான் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கும் தகரக் கொட்டிலில் விளக்குகளை அணைத்துவிட்டு மூன்று பேர் நின்றோம், நானும் என்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் (நான் "பிள்ளை" என்றே கூப்பிடும் ஒருத்தி, மற்றது ஒரு மூதூர்ப் பெடியன்), 12 மீற்றர் தள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்தபடி. லேசர் ஒளி அதில் ஒரு வளையமாக விழ வேண்டும். சுற்றிவரச் சிவப்பு, நடுவில் கறுப்பு, உளுந்து வடை மாதிரி. விழுந்தது வளையம் இல்லை. நாலு இதழ் விரிந்த ஒரு சிவப்புப் பூ, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அசையாமல் நின்றது.

"வடிவா இருக்கு சேர். ஆனா நாங்க எதிர்பார்த்தது இது இல்லையே" என்றாள் பிள்ளை.

அந்தப் பூவிலிருந்து வளையத்துக்குப் போய்ச்சேர மூன்று இரவு எடுத்தது. இடையில் நடந்த பிழைகளை மறைத்துவிட்டு வளையத்தை மட்டும் காட்டியிருந்தால் அது ஒரு வடிவான படம், அவ்வளவுதான். ஒளியின் ஸ்பின், அதாவது தன்சுழற்சி, அதன் சுற்றுச் சுழற்சியாக மாறியது என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்கான ஆதாரம் அந்தப் பிழைகளுக்குள்தான் கிடந்தது. அதனால் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்பது. ஒளி போகும்போது அதன் மின்புலம் ஒரே கோட்டில் முன்பின்னாக அதிர்ந்தால் தளமுனைவாக்கம் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்தப் புலம் கடிகார முள் போலச் சுழன்றுகொண்டே போனால் அது வட்ட முனைவாக்கம். சுழற்சி இரண்டு கையிலும் வரலாம். சங்குக்குச் சொல்வது போல வலம்புரி, இடம்புரி என்று நாங்கள் பேர் வைத்துக்கொண்டோம், பாடப்புத்தகச் சொல்லைவிட இது வாயில் நன்றாக நிற்கிறது. இப்படிச் சுழலும் ஒளி கோண உந்தத்தை, அதாவது பட்ட பொருளைத் திருப்பக்கூடிய சுழற்சி உந்தத்தை, சுமக்கும் என்று பொயின்றிங் என்ற பௌதிகவியலாளர் 1909 இலேயே எதிர்பார்த்தார். 1931 அளவில் ராமனும் பகவந்தமும் ஒளிச் சிதறலை வைத்துப் போட்டனுக்கு (ஒளித்துணிக்கைக்கு) ஸ்பின் உண்டு என்று வாதிட்டார்கள். 1936 இல் பெத் என்பவர் மெல்லிய குவாற்ஸ் இழையில் ஒரு அரை அலைத் தகட்டைத் தொங்கவிட்டு, அதனூடாக வட்டமுனைவாக்க ஒளியை அனுப்பி, தகடு திரும்புவதை நேரடியாகவே அளந்தார். ஒரு போட்டனுக்கு ஒரு அலகு, கையைப் பொறுத்துக் கூட்டல் ஒன்று அல்லது கழித்தல் ஒன்று. இது ஸ்பின்.

இரண்டாவது முறுக்கு வேறு. இங்கே சுழல்வது புலத்தின் திசை அல்ல, அலைமுகமே போல்ற் புரி போலத் திருகியிருக்கிறது. அச்சை ஒருமுறை சுற்றி வந்தால் அவத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது) ஒரு முழுச் சுற்றோ இரண்டு முழுச் சுற்றோ கூடியிருக்கும். நடு அச்சில் எல்லா அவத்தையும் ஒரே இடத்தில் மோதுவதால் அங்கே எதுவும் மிஞ்சாது, இருட்டு. அதுதான் ஒளிச்சுழி. அலைகளில் இப்படி முறிவுக் கோடுகள் வருவதை நை, பெரி என்ற இரண்டு பௌதிகவியலாளர்கள் 1974 இல் எழுதினார்கள். இந்தத் திருகும் கோண உந்தத்தைச் சுமக்கிறது, எத்தனை சுற்றோ போட்டனுக்கு அத்தனை அலகு, என்று 1992 இல் நெதர்லாந்தின் லைடனில் அலனும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

கோயிலில் நின்ற இடத்திலேயே தன்னைச் சுற்றிக் கும்பிடுகிறவருக்கும் வீதி வலம் வருகிறவருக்கும் உள்ள வித்தியாசம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதற்குள் மூதூர்ப் பெடியன் கேட்டான், "இந்த ரெண்டும் ஒண்டை ஒண்டு தொடாதா சேர்?" தொடும். தொடுகிற இடம்தான் ஸ்பின்-சுற்று இடைத்தாக்கம். அவனுக்கு நான் தும்புக்கயிற்றைக் காட்டினேன். நன்றாக முறுக்கிய ஒரு புரியை எடுத்து நடுவில் மடித்து விட்டால், புரி தன் முறுக்கைக் கொஞ்சம் இழக்கும், இழந்ததற்குப் பதிலாக இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். தன்முறுக்கு சுற்றுமுறுக்காக மாறிவிட்டது. ஒளியில் கணக்குப் போடும் விதம் வேறு, ஆனால் முறுக்கு அழியாமல் இடம் மாறுகிறது என்பது இரண்டிலும் உண்டு.

தகடு

ஒளியில் இதைச் செய்ய ஒரு விசேஷத் தகடு வேண்டும். 2006 இல் நேப்பிள்ஸில் மருச்சியும் கூட்டாளிகளும் திரவப் பளிங்கில் அப்படி ஒன்றைச் செய்தார்கள். எங்களிடம் இருந்தது செலோடேப்.

அதன் அடிப்படையைச் சொல்லாமல் போக முடியாது. அரை அலைத் தகடு ஒன்று ஒளியின் அதிர்வுத் திசையைத் தன் அச்சைக் கண்ணாடியாக வைத்து எதிர்ப்பக்கம் புரட்டிவிடும். அதனால் வலம்புரி உள்ளே போனால் இடம்புரி வெளியே வரும். இப்போது தகட்டின் அச்சைக் கொஞ்சம் திருப்புங்கள். கண்ணாடியை 10 பாகை திருப்பினால் விம்பம் 20 பாகை திரும்பும் அல்லவா, அதே போலச் சுழலும் புலம் 20 பாகை தள்ளி நிற்கும். சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றை 20 பாகை தள்ளி வைப்பது என்றால் அவத்தையை 20 பாகை மாற்றுவது. தகடு எங்கும் ஒரே தடிப்பு, ஒளி எங்கும் ஒரே தூரம் போகிறது, ஆனாலும் அவத்தை மாறிவிட்டது. இந்த வடிவகணித அவத்தையின் கருவை 1956 இல் எழுதியவர் சி. வி. ராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம். அப்போது அவருக்கு 22 வயது. 1984 இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயக்கவியலில் இதன் பொதுவடிவத்தை எழுதிய பிறகுதான் உலகம் அந்தக் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தது. இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிறேன், சொல்லவேண்டியது.

சரி, அச்சை ஒரே திசையில் வைக்காமல் நடுப்புள்ளியைச் சுற்றி ஆரம்போல எல்லாத் திசையிலும் விரித்து வைத்தால்? ஒரு சுற்று வரும்போது அச்சும் ஒரு சுற்றுத் திரும்புகிறது, அவத்தை இரண்டு சுற்றுத் திரும்புகிறது. இரட்டைச் சுழி.

செலோடேப் இழுத்துச் செய்யப்படுவதால் அதற்குள் ஒரு அச்சு இருக்கிறது, நீளவாக்கில். ஆகவே டேப்பின் நீளவாக்குக் கோடு நடுவில் வரும்படி 45 பாகை ஆப்புகள் எட்டு வெட்டி, கேக் துண்டுகளைத் திரும்ப வட்டமாக அடுக்குவது போலக் கண்ணாடித் துண்டில் ஒட்டினால் தகடு தயார். எட்டும் ஒரே வடிவம் என்பதால் ஒரே அச்சுத்தாளை வைத்து வெட்டலாம். எட்டுத் துண்டு என்றால் அவத்தை வழுக்கிப் போகாமல் 90 பாகைப் படியாகத் தாவும். அப்படி ஒரு சுற்றை நாலு படியாக்கினாலும், மாற்றப்பட்ட ஒளியில் ஏறத்தாழ 81 வீதம் நாம் கேட்ட சுழிக்குள்ளேயே போகும் என்பது கணக்கு. எட்டுத் துண்டு போதும் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் துணிந்தோம்.

வெட்டியது பிள்ளை. புது பிளேட், கீழே கண்ணாடி, கையில் தையல் ஊசி. ஆப்பின் நுனியை விரலால் தொட்டால் பசை இழுபட்டு நுனி சுருண்டுவிடும், அதனால் ஊசி முனையால் நுனியைத் தூக்கி நடுப்புள்ளியில் இறக்கி, அகன்ற பக்கத்தைப் பிறகு அழுத்த வேண்டும். பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம். முதல் தகடு மறுநாள் மத்தியானத்துக்குள் கெட்டுவிட்டது. தகரக் கூரைச் சூட்டில் பசை இளகித் துண்டுகள் விலகி, பொருத்துகளில் முடி போன்ற வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. இரண்டாவதை ஒட்டியதும் மேலே இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்து இறுக்கி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். நடுவில் எட்டு நுனியும் சேருமிடம் எப்படியும் கொஞ்சம் குழம்பும், அதில் மாக்கர் பேனையால் மிகச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி வைத்து மறைத்தோம்.

வட்ட முனைவாக்கிகளுக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்த முப்பரிமாணப் படக் கண்ணாடி. எல்லா முப்பரிமாணக் கண்ணாடியும் இதற்கு உதவாது, ஒரு எளிய சோதனை இருக்கிறது. போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வில்லை கறுப்பாகவும் மூடிய கண் தெளிவாகவும் தெரிந்தால் அது வட்டவகை. ஆடி பிரதிபலிக்கும்போது கையை மாற்றிவிடுகிறது, அதனால் தன் ஒளியே தனக்குள் திரும்ப நுழைய முடியாது. இடக்கண் வில்லையும் வலக்கண் வில்லையும் எதிர்க்கை. இரண்டையும் பிரித்தெடுத்தோம். ஒவ்வொரு வில்லையிலும் வெளிப்பக்கம் கால் அலைப் படலம் (தளமுனைவாக்கத்தை வட்டமாகவும் வட்டத்தைத் தளமாகவும் மாற்றுவது), கண் பக்கம் தள முனைவாக்கி (ஒரே கோட்டில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது). இந்த ஒழுங்கைத் தயவுசெய்து மனதில் வையுங்கள், முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

முதல் இரவு: நாலு இதழ்

650 நானோமீற்றர் சிவப்பு லேசர், 5 மில்லிவாற்றுக்குக் கீழே, மேசையில் இறுக்கிப் பூட்டியது. அதன் முன் 1.5 மி.மீ. துளையிட்ட மட்டை, பிறகு இடக்கண் வில்லை, டேப் தகடு, வலக்கண் வில்லை, கடைசியில் சுவர். 12 மீற்றர் ஏன் என்று கேட்கலாம். துளைக்குப் பக்கத்தில் பிடித்தால் துண்டுகளின் நிழல்தான் தெரியும், சுழி விரிந்து தன் உருவத்தைக் காட்டத் தூரம் வேண்டும்.

பூ வந்தது. பெடியன் உடனே மறுத்தான்: எட்டுத் துண்டில் ஒன்றுவிட்டு ஒன்று வெளிச்சம் விடுகிறது, நாலு துண்டின் படம்தான் சுவரில் விழுகிறது, இதில் ஒன்றுமில்லை. நல்ல மறுப்பு. தகட்டுக்குப் பக்கத்தில் கடதாசியைப் பிடித்துப் பார்த்தால் உண்மையிலேயே நாலு துண்டுதான் ஒளிர்ந்தன. பிள்ளை பேசாமல் தகட்டை அரைத் துண்டளவு, 22.5 பாகை, திருப்பினாள். பக்கத்தில் பிடித்த கடதாசியில் இப்போது எட்டுத் துண்டும் ஒரே வெளிச்சம். சுவரில்? அதே நாலு இதழ், நடுவில் அதே கறுப்பு. துண்டின் படம் என்றால் எட்டாகியிருக்க வேண்டும். நடுவும் இருட்டாக நிற்பதென்றால் அடுத்தடுத்த இதழ்கள் எதிரெதிர் அவத்தையில் இருக்கின்றன.

அன்றிரவு கணக்குப் போட்டபோது விளங்கிற்று. தளமுனைவாக்க ஒளி என்பது வலம்புரியும் இடம்புரியும் சம பங்கு. தகடு வலம்புரிக்கு ஒரு திசையில் இரண்டு சுற்று முறுக்குக் கொடுத்தால் இடம்புரிக்கு எதிர்த்திசையில் இரண்டு சுற்றுக் கொடுக்கிறது. இரண்டையும் ஒரு தள முனைவாக்கியினூடாகச் சேர்த்தால், ஒரு சுற்றில் நாலு இடத்தில் ஒத்து வரும், நாலு இடத்தில் அடித்துக்கொள்ளும். நாலு இதழ். அப்படியென்றால் உள்ளே போனதும் தளம், வெளியே பார்த்ததும் தளம். வில்லைகள் இரண்டும் தலைகீழ்!

காரணம் தெரிந்தது. அன்று பின்னேரம் டேப் அரை அலையா என்று சோதித்தோம். அதற்கு டேப்பின் இரண்டு பக்கமும் தள முனைவாக்கிகள் வேண்டும், அதனால் வில்லைகளின் கண் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பூட்டியிருந்தோம். சோதனை முடிந்ததும் இரண்டையும் புரட்ட வேண்டும். புரட்டவில்லை. எங்கள் குறிப்பில் "வில்லை 1, வில்லை 2" என்று மட்டும் இருந்தது, எந்தப் பக்கம் எங்கே என்று எழுதியிருக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். முறுக்கிய கண்ணாடித் தகட்டாலும், கோடுகள் நடுவில் கவர் விட்டுப் பிரியும்படி அச்சடித்த கோலத்தாலும் கூட ஒளிச்சுழி செய்யலாம், அவை இரண்டு கைக்கும் ஒரே முறுக்கைத்தான் கொடுக்கும். அந்தச் சுழியைத் தள முனைவாக்கியினூடாகப் பார்த்தால் வெறும் வளையம், இதழ் வராது. இதழ் வந்ததால்தான் எங்கள் தகடு ஒளியின் கையைப் பார்த்து முறுக்குகிறது என்று சொல்ல முடிகிறது. வில்லைகள் முதலிலேயே சரியாக இருந்திருந்தால் இதைக் காட்டத் தனியாக ஒரு சோதனை யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் இரவு: இரண்டு கறுப்புப் புள்ளி

ஒவ்வொன்றாக மாற்றுவோம் என்று முதல் வில்லையை மட்டும் புரட்டினோம். இப்போது தகட்டுக்குள் போவது வட்டமுனைவாக்கம், பார்ப்பது இன்னும் தளம். சுவரில் ஒரு நீள்வட்ட வெளிச்சம், அதற்குள் இரண்டு கறுப்புப் புள்ளி, நடுவில் மங்கலான சிவப்பு. இரண்டு கண் போல.

எனக்கு அந்த இரவு பிடித்தது போல மற்ற இரண்டும் பிடிக்கவில்லை. நடந்தது இதுதான்: 650 நானோமீற்றருக்கு அரை அலை என்றால், டேப்பின் அச்சு வழியே அதிரும் ஒளிக்கும் குறுக்கே அதிரும் ஒளிக்கும் இடையில் 325 நானோமீற்றர் பின்தங்கல் சரியாக வேண்டும். எங்கள் டேப் கிட்டத்தட்டத்தான். சோதனையில் முனைவாக்கிகளை இணையாக வைத்து நடுவில் டேப்பைச் சாய்த்துப் பிடித்தபோது வெளிச்சம் நன்றாக மங்கியது, முற்றாக அணையவில்லை. ஆகவே கொஞ்ச ஒளி மாறாமலே, முறுக்கில்லாமல், நேரே வருகிறது. தள முனைவாக்கி மாறியதையும் மாறாததையும் கலந்துவிட்டது. முறுக்கில்லாத ஒளி நடுவை நிரப்பியது, இரட்டைச் சுழி இரண்டு ஒற்றைச் சுழியாகப் பிரிந்து தள்ளி நின்றது.

ஏன் சரியாக இரண்டு? அவத்தை ஒரு சுற்றில் இரண்டு முறை முழுதாகச் சுழல்வதால், மாறாத ஒளிக்கு நேரெதிராக அது வருவது இரண்டு இடத்தில். ஒற்றை முறுக்கென்றால் ஒரு புள்ளி, முறுக்கே இல்லையென்றால் புள்ளியே இல்லை. ஆகவே புள்ளிகளை எண்ணினால் முறுக்கை எண்ணியதாகும். அப்புறம் பெடியன் இரண்டாவது வில்லையை 30 பாகை திருப்பினான், புள்ளிகளைச் சேர்க்கும் கோடும் அதே பக்கம் கிட்டத்தட்ட 30 பாகை திரும்பியது. 90 திருப்பினான், 90 வந்தது. தாளில் பென்சிலால் கோடு கோடாகக் குறித்து வைத்தோம். ஆரம்போல விரிந்த தகட்டுக்கும் வட்ட ஒளிக்கும் எந்தத் திசையும் விசேஷம் இல்லை, கடைசி முனைவாக்கி ஒன்றுதான் திசை சொல்கிறது, அதைத் திருப்பினால் படம் முழுவதும் கூடத் திரும்பத்தானே வேண்டும்.

இந்தச் சமச்சீர்தான் கணக்குப் புத்தகம். சுற்றுச் சமச்சீர் கெடாத இடத்தில் ஒளியின் மொத்தக் கோண உந்தம் மாற முடியாது. உள்ளே வந்தபோது ஸ்பின் கூட்டல் ஒன்று, சுற்று பூச்சியம், மொத்தம் ஒன்று. வெளியே போகும்போது ஸ்பின் கழித்தல் ஒன்று. மொத்தம் ஒன்றாகவே இருக்க, சுற்றுக்கு இரண்டு வந்தாக வேண்டும். வந்தது, இரண்டு புள்ளியாக. பெத்தின் தகட்டில் அச்சு எங்கும் ஒரே திசை, அங்கே அந்த இரண்டு அலகையும் தகடு வாங்கித் திரும்பியது. எங்கள் தகடு ஒன்றும் வாங்கவில்லை, ஸ்பின் இழந்ததை ஒளியே சுற்றாக வைத்துக்கொண்டது. இதைச் சொன்னபோது பெடியன் கொப்பியில் "1 = −1 + 2" என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டான்.

மூன்றாம் இரவு

இரண்டாவது வில்லையும் புரட்டப்பட்டது. இப்போது வெளிப்பக்கங்கள் இரண்டும் தகட்டைப் பார்க்கின்றன. டேப் தகட்டை எடுத்துவிட்டு முதலில் பார்த்தோம்: இடக்கண்ணும் வலக்கண்ணும் எதிர்க்கை என்பதால் சுவர் இருண்டது, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கல். தகட்டை உள்ளே இறக்கினாள் பிள்ளை. கை மாறிய ஒளி மட்டும் வடிந்து வந்து, இருட்டில் வளையம் எழுந்தது. நடுவில் ஒரே கறுப்பு. கடைசி வில்லையை எப்படித் திருப்பினாலும் அசையவில்லை.

வளையம் பூரணமானதல்ல. எட்டுப் படியின் மிச்சம் வெளியே மெல்லிய முள்ளுகளாகத் தெரிந்தது. நடுக்கறுப்பில் கொஞ்சம் சிவப்புக் கசிந்தது, ஏனென்றால் கண்ணாடியின் படலம் எல்லா நிறத்துக்கும் சரியான கால் அலையாக இராது, சிவப்பு முனையில் பிசகும். பச்சை லேசரில் கசிவு குறையும் என்று நினைக்கிறேன், ஆனால் அதற்கு வேறு டேப் தேட வேண்டும். கடற்காற்று கொட்டிலை ஆட்டும்போது வளையமும் ஆடியது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தகடே இல்லாமலும் இது நடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வட்டமுனைவாக்க ஒளியை மிகக் கூர்மையாகக் குவித்தால், குவியத்தில் ஸ்பினின் ஒரு பகுதி தானாகவே சுற்றாக மாறும். அங்கே அகப்பட்ட நுண்துகள்கள் வட்டமிட்டு ஓடுவதை 2007 இல் பார்த்திருக்கிறார்கள். ஒளி கண்ணாடிக்குள் சாய்ந்து நுழையும்போது வலம்புரியும் இடம்புரியும் அலைநீளத்தைவிட மிகச் சிறிய தூரம் எதிரெதிராக விலகும். அதை 2008 இல் ஹோஸ்டனும் குவியட்டும் நுட்பமாக அளந்தார்கள். இவை எங்கள் மேசைக்கு எட்டாதவை. எட்டுவது இன்னொரு தகடு.

அச்சு நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சுற்றுக்குப் பதிலாக அரைச் சுற்று மட்டும் திரும்பும் தகடு. அதில் சுழி ஒற்றை, சுற்றுக்கு ஒரு அலகுதான் போகும். ஸ்பின் இழப்பது வழக்கம்போல இரண்டு, மிச்ச ஒன்றைத் தகடு வாங்க வேண்டும். வெட்டுவது இம்முறை கடினம், எட்டு ஆப்பும் எட்டுச் சாய்வில், ஒவ்வொன்றும் 22.5 பாகை வித்தியாசம், ஒரே அச்சுத்தாள் உதவாது. பிள்ளை எட்டு அச்சுத்தாளும் வரைந்து முடித்துவிட்டாள். ஒவ்வொன்றின் மூலையிலும் எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள்.